முத்துலட்சுமி ரெட்டியின் மூணரை வருஷம்

முத்துலட்சுமி ரெட்டின்னு சொன்னா நம்மில் பலருக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரி (1954). இன்னொண்ணு கர்ப்பிணிகளுக்கு அரசு தர்ற நிதியுதவித் திட்டம். அவங்க சட்டசபையில இருந்த காலத்தைப் பத்தி யாரும் அதிகம் பேசறதில்லை. மொத்தமே மூணரை வருஷம்தான், ஆனா அதுலதான் விஷயமே இருக்கு.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி அய்யர், அம்மா சந்திரம்மாள். அம்மா தேவதாசி குலத்தைச் சேர்ந்தவர். இதை மனசுல வச்சுக்கிட்டு மேலே படியுங்க. பையன்கள் மட்டுமே படிச்ச புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் எதிர்ப்பை மீறிப் படிச்சு, 1912-ல் சென்னையில் டாக்டர் ஆனார்.

சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921-லேயே ஓட்டு உண்டு, ஆனா சபைக்குள்ள உட்காரும் உரிமை 1926-ல்தான் வந்தது. அந்தத் தேர்தல்ல மங்களூர் பக்கம் நின்ன கமலாதேவி சட்டோபாத்யாய கொஞ்ச ஓட்டுல தோத்துட்டார். மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைச் சொல்ல, அரசு அவரை நியமன உறுப்பினர் ஆக்கியது. பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் அவர்தான். (திருவிதாங்கூர்ல மேரி பூனன் லூக்கோஸ் முன்னாடியே இருந்தாங்க, ஆனா அது சமஸ்தானம்.) 1927-ல் சபையே அவரைத் துணைத்தலைவராவும் தேர்ந்தெடுத்தது.

அதே 1927-ல், கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுறதை ஒழிக்கச் சட்டம் வேணும்னு தீர்மானம் கொண்டு வந்தார். தீர்மானம் நிறைவேறியது. ஆனா பொட்டுக் கட்டுறதுக்குப் பின்னாடி பக்தி மட்டும் இல்லீங்க, நிலமும் இருந்தது. தேவதாசிகளுக்குக் கோயில் கொடுத்திருந்த இனாம் நிலம் ஊழியத்தோட கட்டப்பட்டது. ஊழியம் நின்னா நிலம் போச்சு. குடும்பம் பிழைக்கணும்னா அடுத்த தலைமுறையில ஒரு பொண்ணுக்குப் பொட்டுக் கட்டியே ஆகணும். 'கட்டாதே'ன்னு மட்டும் சட்டம் போட்டா அந்தக் குடும்பம் தெருவுக்கு வந்துடும்.

அதனால அவர் முதல்ல கை வச்சது நிலத்துல. 1926-ன் இந்து அறநிலையச் சட்டத்துக்கு ஒரு திருத்த மசோதா கொண்டு வந்தார். ஊழியத்துல இருந்து நிலத்தைப் பிரிச்சு, வரி கட்டிக்கிட்டு அந்தப் பெண்களே வச்சுக்கலாம். 1929-ல் அது சட்டமாச்சு. என்னைக் கேட்டா அவர் செஞ்சதிலேயே புத்திசாலித்தனமான வேலை இதுதான். ஆனா இதைப் பத்தி எங்கேயாவது ஒரு வரி இருந்தாலே அதிசயம்.

எதிர்ப்பு பழமைவாதிகள்கிட்ட இருந்து மட்டும் வரலை. சென்னை தேவதாசிகள் சங்கமே மனு போட்டுச்சு. பெங்களூர் நாகரத்தினம்மா மாதிரி பெரிய கலைஞர்கள், 'எங்களை விபச்சாரிகளோட சேர்க்காதீங்க, நாங்க கலையும் சொத்தும் உள்ளவங்க'ன்னு வாதாடினாங்க. மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரோ அதே குலத்துல இருந்து வந்து சட்டத்தை ஆதரிச்சார். முத்துலட்சுமி அந்த மனுக்களுக்கு இன்னும் கொஞ்சம் காது கொடுத்திருக்கலாம்னு எனக்குத் தோணும். ஆனா அந்தப் பொண்ணுங்களோட இடத்துல தன்னை நிறுத்திப் பார்க்கக் கூடியவரா சபையில இருந்தது அவர் ஒருத்தர்தானே?

1930 ஜனவரியில் பொட்டுக் கட்டுறதையே தடை செய்யும் மசோதாவைக் கொண்டு வந்தார். மே மாசம் காந்தியைக் கைது பண்ணினாங்க. அதைக் கண்டிச்சுப் பதவியை ராஜினாமா பண்ணிட்டார். மசோதா அப்படியே கிடப்பில் போச்சு. சபை அனுபவத்தை அந்த வருஷமே ஆங்கிலத்தில் புத்தகமா எழுதினார். தன் வாசலுக்கு வந்த தேவதாசி குலப் பெண்களைச் சேர்த்துக்கிட்டு அவ்வை இல்லம் ஆரம்பிச்சார்.

அந்தச் சட்டம் நிறைவேறியது 1947-ல். பொட்டுக் கட்டுறது மட்டுமில்ல, கோயிலுக்குள்ள பெண்கள் நடனம் ஆடுறதும் அதில் குற்றமாச்சு. அதுக்குப் பன்னிரண்டு வருஷம் முன்னாடியே, 1935-ல், ருக்மிணி தேவி அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் அந்தக் குலத்தோட ஆட்டத்தை மேடையேத்திட்டாங்க.