ஹார்ட் டிஸ்க்குக்கு எல்லை போட்டது யார்? கேம் கன்சோல்களின் இருபது வருஷக் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன்: 1,37,43,89,53,472. வாய்விட்டுப் படிச்சா, 13,743 கோடியே 89 லட்சத்து 53 ஆயிரத்து 472. இது ரூபாய்க் கணக்கு இல்லை, பைட் கணக்கு. சுருக்கமா 137 ஜிபி. 2000-களின் தொடக்கத்தில் கேம் கன்சோலைத் திறந்து பெரிய ஹார்ட் டிஸ்க் மாட்டிப் பார்த்தவர்களில் பலர் இந்த எண்ணில்தான் போய் முட்டி நின்றார்கள். 160 ஜிபி டிஸ்க் மாட்டியிருப்பாங்க. கன்சோலுக்கு 137-க்கு மேல கண்ணே தெரியாது.

ஏன் 137? டிஸ்க்கில் இடம் இருக்கிறது, காசும் கொடுத்தாயிற்று. பிறகு யார் தடுக்கிறார்கள்? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனா, கன்சோல் வரலாற்றில் எல்லை மூணு விதமா வந்திருக்குன்னு தெரியுது. கணக்கால் வந்த எல்லை, பூட்டால் வந்த எல்லை, மில்லிமீட்டரால் வந்த எல்லை. நம்ம பெட்டியில் இருப்பது எந்த வகைன்னு தெரிஞ்சா, அதை என்ன செய்யலாம்னும் தெரிஞ்சிடும்.

கணக்கு: 16 + 4 + 8

ஹார்ட் டிஸ்க் தகவலை செக்டர் என்ற சின்னத் துண்டுகளாக வைக்கிறது. வழக்கமாக ஒரு செக்டர் 512 பைட். ஒவ்வொரு செக்டருக்கும், தெருவில் வீடுகளுக்குக் கதவு எண் இருக்கிற மாதிரி, ஒரு எண் உண்டு. கம்ப்யூட்டர் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்கும்.

அந்த எண்ணை எழுத எவ்வளவு இடம்? 1994-ல் ஏடிஏ என்ற இணைப்பு முறை தரமாக்கப்பட்டபோது, டிஸ்க்கில் இடத்தைக் குறிக்க மூன்று பதிவேடுகள் இருந்தன. சிலிண்டருக்கு 16 பிட், ஹெட்டுக்கு 4 பிட், செக்டருக்கு 8 பிட். பிறகு இந்த மூன்றையும் வரிசையாக ஒட்டி, ஒரே நீளமான எண்ணாகப் பயன்படுத்தினார்கள். கூட்டிப் பாருங்க, 28 பிட். அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த டிஸ்க் சில நூறு எம்பிதான். 28 பிட் போதும்னு நினைச்சதில் தப்பே இல்லை.

பிட் ஒன்று கூடினால் எண்ணிக்கை இரட்டிப்பாகும். சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு ரெண்டு, அதுக்கடுத்து நாலுன்னு கேட்டு ராஜாவோட களஞ்சியத்தையே காலி பண்ணின கதை தெரியும் இல்லையா, அதே கணக்கு. இரண்டை 28 தடவை பெருக்கினால் 26,84,35,456. அதை 512-ஆல் பெருக்கினால் நாம் ஆரம்பிச்ச எண். 137 ஜிபிக்குப் பின்னால் வேற எந்த ரகசியமும் கிடையாது.

எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதுதான் ஆபத்தான பகுதி. பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் 99999-க்கு அப்புறம் 00000-க்கு வரும். அதே மாதிரி, 28 பிட்டுக்குள் அடங்காத எண்ணைச் சரியாகச் சோதிக்காத மென்பொருள் எழுதப் போனால், மேல் பிட் வெட்டுப்பட்டு, டிஸ்க்கின் முதல் பகுதிக்கே திரும்பி வந்து எழுதிவிடும். அங்கேதான் டிஸ்க்கின் அட்டவணை இருக்கும். புதுசா ஒண்ணு சேர்க்கப் போய், இருந்ததும் போயிடும்.

2001-ல் மேக்ஸ்டர் நிறுவனம் 160 ஜிபி டிஸ்க்கைக் கொண்டுவந்தபோது இந்தச் சுவர் எல்லாருக்கும் தெரிய ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஏடிஏ-6 தரம் வந்தது, எண் 48 பிட் ஆனது. புதுப் பதிவேடு எதுவும் சேர்க்கவில்லை. இருந்த பதிவேடுகளிலேயே இரண்டு தடவை எழுதுவது என்று வைத்துக்கொண்டார்கள். இப்போ எல்லை 144 பெட்டாபைட், அதாவது சுமார் 14.4 கோடி ஜிபி. விண்டோஸ் எக்ஸ்பிகூட 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்கிலிருந்துதான் இதை முறையாக ஆதரித்தது. ஆக, மென்பொருள் மாறினால் கணக்குச் சுவர் விழுந்துவிடும்.

பூட்டு: எக்ஸ்பாக்ஸும் அதன் தம்பியும்

2001 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் வந்தது. ஹார்ட் டிஸ்க்கை உள்ளேயே வைத்து விற்ற முதல் பெரிய கன்சோல் அது. உள்ளே இருந்தது 8 ஜிபி. சில பெட்டிகளில் சீகேட்டின் 10 ஜிபி டிஸ்க் இருந்தது. ஆனால் கன்சோல் அதிலும் 8 ஜிபியைத்தான் பயன்படுத்தியது.

டிஸ்க்கும் கம்ப்யூட்டரில் போடுகிற அதே சாதாரண டிஸ்க்தான். ஆனா கழட்டிட்டு வேற போட முடியாது. ஏடிஏ தரத்தில் ஏற்கெனவே இருந்த பாஸ்வேர்ட் வசதியைப் பயன்படுத்தி, ஒவ்வொரு டிஸ்க்கையும் அதனதன் மதர்போர்டோடு பூட்டி வைத்திருந்தார்கள். சாவிக்கான தகவல் போர்டில் உள்ள ஒரு சின்ன நினைவுச் சில்லில் இருந்தது. டிஸ்க் பழுதானாலும் கன்சோல் வேற டிஸ்க்கை ஏத்துக்காது.

2002-ல் எம்ஐடி ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், எக்ஸ்பாக்ஸின் உள்சுற்றில் ஓடும் தகவலை இடையில் படித்து, துவக்க ரகசியச் சாவியை எடுத்துக் காட்டினார். அடுத்த வருஷம் அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். அதற்குப் பின் ஆர்வலர்கள் சொந்தமாக மாற்றி எழுதிய பயாஸ்கள் பரவின. பூட்டைத் தாண்டியவர்களை எதிரே வந்து நிறுத்தியது பழைய 137 ஜிபி சுவர். 48 பிட் ஆதரவைச் சேர்த்து அதையும் உடைத்தார்கள்.

அதோடு முடியலை. எக்ஸ்பாக்ஸ் பயன்படுத்தும் ஃபேட்எக்ஸ் என்ற கோப்பு முறைக்குள் இன்னொரு எண் இருந்தது. 16 கேபி அளவுள்ள கொத்துகளாகப் பிரித்தால் ஒரு பகுதி 256 ஜிபியைத் தாண்டக் கூடாது. 32 கேபி என்றால் 512 ஜிபி, 64 கேபி என்றால் 1 டிபி. இதைக் கவனிக்காமல் பெரிய பகுதி போட்டவர்களுக்கு முதலில் எல்லாம் நன்றாகவே ஓடும். இடம் நிரம்ப நிரம்பத்தான் கோப்புகள் சிதைய ஆரம்பிக்கும்.

2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இன்னும் கெட்டி. அடுத்த ஆண்டே இந்தியாவிலும் விற்பனைக்கு வந்தது. டிஸ்க்கைத் தனி உறையில் போட்டுக் கழட்டி மாட்டுகிற மாதிரி கொடுத்தார்கள். பார்க்க வசதியா இருக்கும். ஆனால் டிஸ்க்கின் மாடல், வரிசை எண், கொள்ளளவு ஆகியவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் போட்ட டிஜிட்டல் கையெழுத்து ஒரு செக்டரில் இருக்கும். கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் கன்சோல் அந்த டிஸ்க்கைச் சேர்க்காது. அதனால் 20, 60, 120, 250, 320, 500 என்று அவர்கள் விற்ற அளவுகள்தான் எல்லை. 48 பிட் எண்ணில் 14.4 கோடி ஜிபி எழுத முடிகிற காலத்தில், 500-ல் ஒரு கோடு. அது வியாபார முடிவு.

அந்த முடிவு எப்படித் தளர்ந்தது பாருங்க. 2010 ஏப்ரலில் யுஎஸ்பி டிரைவை அனுமதித்தார்கள், ஒன்றுக்கு 16 ஜிபி வரை. 2015-ல் அதை 2 டிபி ஆக்கினார்கள். வீட்டில் இருந்த பெட்டி அதே பெட்டிதான், இரும்பில் ஒன்றும் மாறவில்லை.

மில்லிமீட்டர்: பிளேஸ்டேஷன் வழி

இதே காலத்தில் சோனி வேறு வழியில் போனது. 2006-ல் வந்த பிஎஸ்3-ல் லேப்டாப்பில் போடும் சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க். மாற்றுவது எப்படி என்று அதன் கையேட்டிலேயே படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். 2013-ல் வந்த பிஎஸ்4-லும் அதேதான். நிபந்தனை இரண்டு: குறைந்தது 160 ஜிபி, தடிமன் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது.

பல வருஷம் இந்த 9.5 மில்லிமீட்டர்தான் உண்மையான எல்லையாக இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் கொள்ளளவு கூட வேண்டுமானால் தட்டுகளை அடுக்க வேண்டும், அடுக்கினால் தடிமன் கூடும். 2.5 அங்குலத்தில் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர், பிஎஸ்4-க்குள் நுழையாது. தட்டே இல்லாத எஸ்எஸ்டி வந்தபோது இந்தச் சுவரும் இறங்கியது. அதன் தடிமன் 7 மில்லிமீட்டர்தான்.

வட்டக்கானலில் கேட்ட கேள்வி

போன வருஷம் ஒரு மாசம் வட்டக்கானலில் தங்கி வேலை பார்த்தேன். கொடைக்கானல் ஊரைத் தாண்டி, டால்ஃபின்ஸ் நோஸ் பாறைக்குப் போற வழியில் இருக்கிற சின்ன ஊர். பின்மதியம் மூடுபனி ஏறினா எதிர் வீடே தெரியாது, போன் சிக்னலும் கூடவே போயிடும். நான் இருந்த வீட்டுக்காரர் மகன், காலேஜ் படிக்கிற தம்பி, செகண்ட் ஹேண்டில் ஒரு 500 ஜிபி பிஎஸ்4 வாங்கி வெச்சிருந்தான். "அண்ணா, இதுல எவ்வளவு பெரிய டிஸ்க் போடலாம்? புதுசு ஒண்ணு போடணும்னா பழசு ஒண்ணை அழிக்க வேண்டியிருக்கு"ன்னு கேட்டான். இந்த எபிசோடுக்கான படிப்பை ஆரம்பிச்சது அதுக்கப்புறம்தான்.

சென்னையில் ஃபைபர் வெச்சிருக்கிற எனக்கு, அழிப்பது ஒரு விஷயமே இல்லை. வேணும்னா மறுபடி இறக்கிக்கலாம். அவனுக்கு அப்படி இல்லை. நொடிக்கு 4 மெகாபிட் வேகம் விடாமல் கிடைத்தால்கூட, 100 ஜிபி கேம் இறங்க 55 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வட்டில் வாங்கினாலும் மேல ஏறுகிற அப்டேட்டே பல சமயம் பத்து இருபது ஜிபி. அங்கே அழிச்சா அழிச்சதுதான். டிஸ்க்கில் இருப்பதுதான் அவனோட நூலகம்.

கம்பெனிகள் கொள்ளளவை முடிவு செய்யும்போது, எப்போதும் நல்ல இணைப்பு இருக்கும் ஒருவரை மனசில் வெச்சுத்தான் முடிவு செய்றாங்க. எல்லையின் வலி, இணைப்பு மெலிந்த இடத்தில்தான் அதிகம். 2024 ஜூலை 29-ல் எக்ஸ்பாக்ஸ் 360-ன் கடை மூடப்பட்டது. ஏற்கெனவே வாங்கியதை இறக்க வழி இருக்கு, புதுசா வாங்க முடியாது. இப்படி ஒவ்வொரு கடையா மூடும்போது, டிஸ்க்கில் எவ்வளவு இடம் இருந்தது என்பதே கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்பதாகிவிடும்.

தம்பிக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்றேன். பிஎஸ்4-ஐத் திறக்கப் பயமா இருந்தா, 2017 மார்ச்சில் வந்த 4.50 அப்டேட்டுக்கு அப்புறம் வெளியே யுஎஸ்பி 3.0 டிரைவ் போடலாம், 250 ஜிபியிலிருந்து 8 டிபி வரை. உள்ளே மாற்றுவதானால் 2.5 அங்குல எஸ்எஸ்டி. கழட்டும் முன் சேமிப்புக் கோப்புகளை யுஎஸ்பியில் எடுத்துக்கணும். பழைய டிஸ்க் அந்தக் கன்சோலுக்கென்றே மறையாக்கம் செய்யப்பட்டது, கம்ப்யூட்டரில் மாட்டினால் படிக்க முடியாது. சிஸ்டம் மென்பொருளின் முழுப் பதிப்பைக் கொடைக்கானல் போய் இறக்கி ஒரு பென் டிரைவில் கொண்டுவந்துட்டா, மீதி எல்லாம் ஊர்லயே முடிஞ்சிடும்.

எட்டு டிபிக்கு மூன்று வருஷம்

கடைசியா பிஎஸ்5. 2020 நவம்பரில் வெளிவந்தது, இந்தியாவுக்கு 2021 பிப்ரவரி 2. உள்ளே 825 ஜிபி, அதில் நமக்குக் கிடைப்பது 667. கூடுதல் எஸ்எஸ்டிக்கு ஒரு எம்.2 துளை முதல் நாளிலிருந்தே பெட்டிக்குள் இருந்தது, ஆனால் வேலை செய்யாது. 2021 செப்டம்பர் அப்டேட்டில் திறந்தார்கள், 4 டிபி வரை. 2023 செப்டம்பரில் இன்னொரு அப்டேட்டில் 8 டிபி ஆனது. இங்கேயும் கன்சோல் அதேதான். காசு கொடுத்து வாங்கின துளையை எப்போ, எவ்வளவுக்குத் திறக்கலாம்னு முடிவு பண்ற உரிமை மட்டும் வாங்கினவங்க கிட்ட இல்லை.

2022-ல் நம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. பழுதானதைச் சரிசெய்யும் உரிமை பற்றிப் பேசுகிறோம், நல்லது. நல்லா ஓடிட்டு இருக்கிற பொருளைப் பெரிசாக்கிக்கிற உரிமையும் அதே வரிசையில் பேச வேண்டியது.

அடுத்த தடவை கன்சோல் வாங்கப் போனா, எவ்வளவு டிபின்னு மட்டும் கேட்காதீங்க. டிஸ்க்கை நானே மாத்தலாமா, வெளியில் கிடைக்கிற சாதாரண டிஸ்க்கை ஏத்துக்குமா, இணைப்பு இல்லாம மறுபடி நிறுவ முடியுமான்னு கேளுங்க. இந்த மூணுக்கும் "ஆமா"ன்னு பதில் வந்தா, அஞ்சாறு வருஷம் கழிச்சும் அந்தப் பெட்டி வட்டக்கானல் மாதிரி ஊர்ல ஓடிட்டு இருக்கும். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.