மூன்று மணி அலாரம்

அப்பா இறந்தபின் பீரோவில் அந்த வாட்ச் கிடைத்தது. டயலில் கம்பெனிப் பெயர் அழிந்திருந்தது. நான்கு முட்கள், இரண்டு திருகுகள். நான்காவது முள்ளும் மேல்திருகும் அலாரத்துக்கு. ஓடவில்லை. பழைய வாட்சுகளைப் பிரித்துச் சரிசெய்வது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு, இதையும் பிரித்தேன்.

கைக்கடிகாரத்துக்குள் அலாரத்தை வைப்பது லேசான காரியமாக இருக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் எடெர்னா கம்பெனி 1914லேயே பெர்ன் கண்காட்சியில் ஒன்றை வைத்தது. ஆனால் அவ்வளவு சின்னக் கூட்டுக்குள்ளிருந்து தூங்குகிறவனை எழுப்பும் சத்தம் வருவது கடினம். 1947ல் வல்கெய்ன் கம்பெனி அதைச் சாதித்து, தன் வாட்சுக்குச் சுவர்க்கோழியின் பெயரை வைத்தது: கிரிக்கெட். 1950களில் அடால்ஃப் ஷீல்ட் 1475 என்ற மெஷின் வந்தது. பல கம்பெனிகள் அதை வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்றன. சோவியத் ரஷ்யாவின் பல்யோட் அலாரம் வாட்சும் அதைப் பார்த்துச் செய்ததுதான். சிங்கப்பூர் மாமா அப்பாவுக்குக் கொடுத்த வாட்சுக்குள் இருந்ததும் அந்த மெஷினே.

அதில் இரண்டு ஸ்பிரிங்குகள். ஒன்று நேரத்துக்கு, மற்றது அலாரத்துக்கு. இரண்டுக்கும் தனித்தனியாகச் சாவி கொடுக்க வேண்டும். குறித்த நேரம் வந்ததும் ஒரு குட்டிச் சுத்தியல் விடுபட்டு, பின்மூடியின் உட்புறம் நிற்கும் ஆணியைப் படபடவென்று அடிக்கும். அப்பாவின் வாட்சில் அந்த ஆணி ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. பெட்ரோலில் கழுவி எண்ணெய் வைத்ததும் நேரம் ஓடியது. அலார ஸ்பிரிங் ஒடிந்திருந்தது.

அப்பா தீப்பெட்டி ஆபீஸ் வேன் டிரைவர். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து தொடங்கியது. மழை பொய்த்த கரிசல் காட்டுக்கு அது சோறு போட்டது, பொய்யில்லை. ஆனால் கட்டை அடுக்கவும் பெட்டி ஒட்டவும் சின்னக் கைகள் தேவைப்பட்டன. 1983ல் ஸ்மிது கோத்தாரி ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் எழுதினார்: அதிகாலை மூன்றிலிருந்து ஐந்துக்குள் ஆபீஸ் வண்டிகள் ஊர் ஊராகப் பிள்ளைகளை ஏற்றும், வீடு திரும்ப இருட்டிவிடும். 1986ல் தடைச் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி.மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. அந்த மூன்று மணி எங்கள் வீட்டிலிருந்து கிளம்பியது என்று நான் யோசித்ததே இல்லை.

“அது அடிச்சா நான் எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்கணும். உங்கப்பா ஹாரன் அடிச்சா ஊரே எந்திரிக்கணும்,” என்றாள் அம்மா.

ஸ்பிரிங் தேடி சிவகாசியில் ஒரு வாட்ச் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதுக்கு மேல். பின்மூடியைத் திறந்து கண்ணாடி மாட்டிப் பார்த்தார். யாருது என்றார். சொன்னேன்.

“அந்த வண்டியில நானும் போயிருக்கேன் தம்பி. ஹாரனுக்கு எந்திரிக்கலன்னா உங்கப்பா எறங்கி வந்து கதவத் தட்டுவாரு. தூக்கத்தோட தூக்கி ஏத்துவாரு. பதனமாத்தான் ஏத்துவாரு.”

“கோவம் வரலையா அண்ணாச்சி?”

“அப்ப தூக்கந்தான் வந்துச்சு.”

பழைய டப்பாவைக் கிளறி, அளவு பார்த்து ஒரு ஸ்பிரிங்கை மாட்டினார். முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். தானே சாவி கொடுத்து, முள்ளைத் திருப்பி, அடிக்கவிட்டார். சுத்தியல் ஓயும்வரை இரண்டு பேரும் பேசவில்லை.

“சத்தம் இவ்வளவுதானா?” என்றார். “நான் பெருசா இருக்கும்னு நெனச்சேன்.”