தோட்டத்துக் களமும் நகரத்துக் கூடமும்

ஓர் இனத்தின் வரலாறு ஏடுகளிலும் கல்வெட்டுகளிலும் மட்டுமே உறைவதில்லை. உழைப்பாளியின் கையிலும் காலிலும் எழுதப்பட்ட வரலாறும் உண்டு. அவ்வரலாற்றுக்கு மனித உடலே ஏடு. உடல் பயிற்சியை மறந்தால் ஏடும் அழிந்துவிடும். மலேசியத் தமிழரின் சிலம்பக் கலை இவ்வகையைச் சார்ந்தது. பேராக் மாநிலத்தின் பால்மரக் காடுகளில் இளமையில் கம்பு சுழற்றியவர்கள் பலர், இன்று ஈப்போவின் வீடமைப்புப் பகுதிகளில் நடுவயதையும் முதுமையையும் எட்டியிருக்கின்றனர். அவர்களுள் சிலர், விட்ட பயிற்சியைத் தொடரவேண்டும் என்னும் வேட்கையோடு மீண்டும் ஓர் ஆசானைத் தேடுகின்றனர். அங்ஙனம் தேடுவோர்க்கு ஏற்ற பள்ளி எது? இது தனியொருவரின் விருப்பத்தைப் பற்றிய சிறு வினாவாகத் தோன்றலாம். ஆயினும் இதற்கு விடை காண்பதற்கு, தோட்டத்துக் களம் எவ்வாறு உருவாயிற்று, எவ்வாறு கலைந்தது என்பதை நாம் முதலில் அறிதல் வேண்டும்.

சிலம்புதல் என்பது ஒலித்தல். கம்பு காற்றைக் கிழித்துச் சுழலும்போது எழும் ஓசையே இக்கலைக்குப் பெயராயிற்று என்பர். மருது சகோதரர் தூக்கிலிடப்பட்ட 1801ஆம் ஆண்டில், கும்பினியார் தென்பாளையங்களின் கோட்டைகளை இடிக்கவும் குடிமக்களின் படைக்கலங்களைப் பறிக்கவும் ஆணையிட்டனர். வாளும் வேலும் பறிபோகலாம். ஆடு மாடு மேய்ப்பவன் கையிலுள்ள கோலை எந்த ஆணை பறிக்க இயலும்? அரசர்தம் படைக்கலப் பயிற்சி ஒடுங்கிய காலத்திலும் கம்பு ஊர்ப்புறத்தில் உயிரோடு இருந்தமைக்கு அதன் எளிமையே காரணமாகும். அந்த எளிமையே அதனைக் கடல் கடக்கவும் செய்தது.

பேராக்கின் ஆங்கிலேய ஆட்சியாளராக இருந்த ஹியூ லோ, 1877இல் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகளை நட்டுவித்தார். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபின் இரப்பரின் விலை ஏற, சுங்கை சிப்புட் முதல் தாப்பா, சிலிம் ரிவர் வரை காடுகள் தோட்டங்களாயின. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்கு வந்தபின், கங்காணி முறையே ஆள் சேர்க்கும் முதன்மையான வழியாக விளங்கியது. 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அது நீடித்தது. இம்முறையின் இயல்பு நம் பொருளுக்கு இன்றியமையாதது. கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவினரிடமிருந்தும் ஆள் திரட்டினார். ஆகவே திருச்சி, சேலம், தஞ்சை, ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோர் தனித்தனி மனிதர்களாக வரவில்லை, ஊராகவே வந்தனர். ஊர்த் தெய்வம் வந்தது. தப்பும் கூத்தும் வந்தன. ஊரின் சிலம்ப வரிசையும் அவற்றோடு வந்தது.

தோட்டத்து வேலைமுறையும் கலைக்குத் துணையாயிற்று. விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, மரம் சீவி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டால், பிற்பகல் பெரும்பாலும் ஓய்வாகக் கிடைக்கும். மாலை மங்கியபின் லயத்துக்கு அருகிலோ மாரியம்மன் கோயில் திடலிலோ விளக்கேற்றிப் பயிற்சி தொடங்குவர். பகலில் ஆசானும் மரம் வெட்டியவரே. மாணவனும் பக்கத்து நிரையில் பால் எடுத்தவனே. வெற்றிலை பாக்கும் சிறு காணிக்கையுமே கட்டணம். திருவிழா நாளில் சாமி ஊர்வலத்தின் முன்னே கம்பு சுழற்றிக் காட்டுவதே தேர்வு. இக்களத்தை எவரும் தேடிச் செல்லவில்லை. பள்ளிக்கு வழி கேட்கும் தேவையே எழாதபடி, அது வீட்டு வாசலிலேயே இருந்தது.

இக்களத்தின் கலைவுக்குக் காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1948 ஜூன் 16ஆம் நாள், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் ஐரோப்பியத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதனையொட்டி எழுந்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. ஊரடங்கும் முள்வேலியும் சோதனையும் நிறைந்த நாளில், இருட்டில் இளைஞர் கூடிக் கோல் பழகுவது ஐயத்துக்குரிய செயலாயிற்று. அடுத்து, 1950களிலும் 1960களிலும் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாகக் கூறுபோட்டு விற்றனர். இத்துண்டாடலுக்கு அணைபோடும் நோக்கத்தோடுதான், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர், குடியுரிமை இல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் விதி 1969இல் நடைமுறைக்கு வந்தபோது, ஏறத்தாழ 60,000 பேர் தமிழகம் திரும்பினர் என்பர். மூத்த தலைமுறையினர் பலர் அவ்வாறு கப்பலேறியபோது, அவர்களுள் இருந்த ஆசான்மாரின் பாடங்களும் அவர்களோடே சென்றன. எஞ்சிய தோட்டங்களும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் இடம் கொடுத்தன. 1957இல் நாடெங்கும் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் சுருங்கியிருப்பது இக்கலைவின் மற்றொரு சான்றாகும். பள்ளிக்கூடத்தின் மறைவையேனும் நாம் எண்ணிக்கையில் குறித்து வைத்தோம். சிலம்பக் களங்களின் மறைவை எண்ணிக் குறித்தவர் யார்?

தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் பெயர்ந்த இளைஞர், நகரத்தில் வேறு வகைக் கூடங்களைக் கண்டனர். தைக்குவாண்டோ கலையை வளர்த்தோருள் தலையாயவரான சோய் ஹோங் ஹி 1962இல் தென்கொரியத் தூதராக இந்நாட்டுக்கு வந்தார். அக்கலை இங்கே வேரூன்ற அவர் வருகை வழிவகுத்தது. கராத்தேயும் பரவியது. சீருடை, நிறநிறமான இடைவார், படிநிலைத் தேர்வு, சான்றிதழ் ஆகியவை இளைஞரைக் கவர்ந்தன. 1973இல் புரூஸ் லீயின் படம் உலகை ஆட்கொண்டபின், தாத்தாவின் கம்பு பழமையின் சின்னமாகவே பலர் கண்ணுக்குத் தோன்றியது. எம்.ஜி.ஆர். திரையில் கம்பு சுழற்றியபோது கைதட்டியவர்களும், தம் வீட்டுக் கம்பைக் கூரையில் செருகிவைத்தனர்.

சமுதாய அடித்தளம் சரிந்தபின் போர்க்கலை தள்ளாடுவது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. சப்பானில் 1876இல் வாள் தாங்கும் உரிமை பறிக்கப்பட்டபின், பழைய ஜுஜுட்சுப் பள்ளிகள் மாணவரின்றி வாடின. இளைஞரான கானோ ஜிகோரோ அத்தகைய இரு பள்ளிகளின் பாடங்களைக் கற்று, 1882இல் டோக்கியோவில் கோடோகான் என்னும் கூடத்தைத் தொடங்கினார். ஜூடோ பிறந்தது. அவர் புதுமை செய்தார் என்பதை உலகம் அறியும். ஆனால் கித்தோ ரியூ என்னும் பழைய பள்ளியின் பாட வரிசை ஒன்றைக் கோடோகானின் பாடத்திலேயே அவர் பேணி வைத்தார் என்பது பலர் கருதாத செய்தி. பழைய வடிவம் என்றே பொருள்படும் பெயரோடு அது இன்றும் பயிலப்படுகிறது. கேரளத்திலும் இத்தகைய மறுமலர்ச்சி உண்டு. 1920களில் தலச்சேரி வட்டாரத்தில் கோட்டக்கல் கணாரன் குருக்களும் அவர்தம் மாணவர் சி. வி. நாராயணன் நாயரும், ஒடுங்கிக் கிடந்த களரிப்பயிற்றை மீண்டும் மக்கள்முன் கொணர்ந்தனர். பழைய கலை புதிய காலத்தில் வாழவேண்டுமாயின், புதிய கூடம் பழைய பாடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும் என்பதே இவ்வரலாறுகள் உணர்த்தும் உண்மையாகும்.

இவ்வுண்மையை உரைகல்லாகக் கொண்டு முதல் வினாவுக்குத் திரும்புவோம். மீண்டும் கம்பு பிடிக்க விழைபவர் எத்தகைய கூடத்தை நாடுதல் வேண்டும்?

முதலாவது, கூடம் வெளிச்சத்தில் இருத்தல் வேண்டும். பழைய களம் ஊரார் கண்முன் நடந்தது. தாயும் தந்தையும் சுற்றி நின்று பார்த்தனர். உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்ட நாட்டில், இப்பண்பு பெருமதிப்புடையது. 1997ஆம் ஆண்டின் விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற அமைப்பைச் சார்ந்து, கோயில் மண்டபத்திலோ பள்ளித் திடலிலோ யாவரும் காணப் பயிற்றும் கூடம் நம்பத்தக்கது.

இரண்டாவது, காலிலிருந்து தொடங்குதல் வேண்டும். சிலம்பத்தின் உயிர் சுவட்டில் உள்ளது. காலடி வைப்பு சீர்ப்பட்ட பின்னரே வீச்சு. வீச்சும் தடுப்பும் அமைந்த பின்னரே எதிராளியின் உடலில் பொட்டு வைக்கும் ஆட்டம். இவ்வொழுங்கு மீள்வோர்க்கு இரட்டைப் பயன் தரும். இருபது வயதின் வேகத்தை மனம் நினைவில் வைத்திருக்கும். ஐம்பது வயதின் தோளும் மணிக்கட்டும் முழங்காலும் அதற்கு ஈடுகொடா. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உடையவர் மருத்துவரைக் கலந்துகொண்டு, சில கிழமைகள் வெறுங்காலடி பழகி, இலேசான கம்போடு தொடங்குவதே முறை. வந்த முதல் நாளே மோதவிடும் கூடத்தை விலக்குதல் நன்று.

மூன்றாவது, ஆசான் தம் ஆசானின் பெயரைச் சொல்லுதல் வேண்டும். யாரிடம் கற்றார், அவர் எந்தத் தோட்டத்தில் இருந்தார், அவர்தம் முன்னோர் எந்த ஊரினர் என்னும் வழிமுறையே இக்கலைக்குரிய சான்றிதழ். அதனைக் கேட்பது அவமதிப்பாகாது. நல்லாசான் அதனைப் பெருமையோடு கூறுவார்.

நான்காவதே தலையாயது. நல்ல கூடம், திரும்பி வந்தவரை நோக்கி, “ஐயா, உங்களுக்கு என்ன தெரியும்? செய்து காட்டுங்கள்” என்று கேட்கும். “பழையதை மறந்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லும் கூடம், அறியாமலே ஓர் ஏட்டைக் கிழிக்கிறது. இதற்குக் காரணம் உண்டு. இன்று சிலம்பம் போட்டி விளையாட்டாக வளர்ந்து வருகிறது. 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. நம் மலாய் உடன்பிறப்புகளின் சீலாட் கலை 2019இல் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. சிலம்பமும் அத்தகைய உயர்வு பெறவேண்டும் என விழைவது இயல்பே. ஆனால் போட்டிக்குப் பொதுவிதி வேண்டும். பொதுவிதி ஒரேவகைப் பாடத்தையே வளர்க்கும். சேலத்து ஆசான் ஒரு தோட்டத்தில் விட்டுச்சென்ற வரிசையும், தஞ்சை ஆசான் மற்றொரு தோட்டத்தில் விட்டுச்சென்ற வரிசையும் அப்பொதுமையில் கரைந்துவிடும். அவை எஞ்சியிருக்கும் இடம், திரும்பி வரும் அந்த முதியவரின் கைகால்களே. அவர் பாதி மறந்திருக்கலாம். மறவாத பாதி வேறெங்கும் கிடையாது.

ஆகவே மீண்டும் பயிற்சிக்கு வருபவர் கற்க மட்டும் வருவதில்லை, கொடுக்கவும் வருகிறார். இதனை உணர்ந்து அவரை வரவேற்கும் கூடமே அவருக்கு ஏற்ற பள்ளி.

தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு கடமை காத்திருக்கிறது. பேராக்கில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இயங்குகின்றன. தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அங்குப் பயிலும் மாணவர் தத்தம் பாட்டனாரை அணுகி, சுவடுகளின் பெயர் என்ன, எதன்பின் எது வரும், கற்பித்தவர் யார், எந்த ஆண்டு, எந்தத் தோட்டம் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். கைப்பேசியில் அசைவுகளைப் பதிவு செய்யலாம். பயிற்றுநர் கூறும் கலைச்சொற்களை அகரவரிசைப்படுத்துவது தமிழ்ப்பாடத்துக்கும் ஒரு நற்பயிற்சியாகும். பெண்மக்களும் இன்று கம்பேந்திக் களமிறங்குகின்றனர். பாட்டனின் வரிசையைப் பேத்தி கற்பது தடையற்ற காலம் இது. லயங்கள் இடிந்தன, பால்மரங்கள் சாய்ந்தன. அங்கே கற்பிக்கப்பட்ட பாடத்தை இன்னும் கேட்டு வாங்கலாம். கேட்பதற்கு நமக்கு இருக்கும் காலம், அதனைக் கற்றவர்கள் வாழும் காலமே.