ஒட்டிய கடிதங்களைப் பிரித்த கதை

1971-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில், பி.பி.என். நிறுவனத்தின் பொறியாளர் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மின்னஞ்சல் அனுப்பினார். அந்தப் பக்கம் கடிதத்தை வாங்கிக்கொள்ளப் பெட்டி என்று தனியாக எதுவும் இல்லை. ஒரு கோப்பு, அவ்வளவுதான். மற்ற கோப்புகளிலிருந்து அதற்கு ஒரே வித்தியாசம்: அடுத்தவர்கள் அதன் கடைசியில் எழுதிச் சேர்க்கலாம், உள்ளே இருப்பதைப் படிக்கவோ மாற்றவோ முடியாது. அதே ஆண்டு நவம்பரில் பெல் ஆய்வகத்தில் வெளிவந்த யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலும் மெயில் என்றொரு கட்டளை இருக்கிறது. அதன் வழியும் அதுதான். அனுப்பியவர் பெயரும் தேதியும் தலைப்பில் வர, கடிதம் பெறுபவரின் கோப்பில் போய் ஒட்டிக்கொள்ளும்.

நம் வீடுகளில் ஒரு காலத்தில் சுவரில் தொங்கிய கடிதக் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வந்த கடிதத்தைக் குத்துவது நொடி வேலை. நடுவில் இருக்கும் ஒன்றை எடுக்க வேண்டுமென்றால்தான் மேலே இருப்பதையெல்லாம் உருவ வேண்டும். எம்பாக்ஸ் என்று பெயர் பெற்ற யூனிக்ஸின் இந்த ஒட்டுக்கோப்பு முறையும் இப்படியே. சேர்ப்பது மலிவு, எடுப்பது செலவு. ஒரே ஒரு கடிதத்தை அழிக்கவும் மீதிக் கோப்பு முழுவதையும் திரும்ப எழுத வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி நின்றுபோனால் மிச்சம் என்ன தேறும் என்பது அந்தப் புரோகிராமை எழுதியவரின் முன்ஜாக்கிரதையைப் பொறுத்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாளுக்கு நாலு கடிதம் வந்த காலத்தில் அதைவிடச் சுருக்கமான வழி வேறு இருந்திருக்காது.

உண்மையான தலைவலி எல்லைக்கோட்டில் இருந்தது. ஒரு கடிதம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை எப்படி அறிவது? வரியின் தொடக்கத்தில் 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லும் ஓர் இடைவெளியும் வந்தால் புதுக் கடிதம் என்று வைத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் எழுதுபவர் வாக்கியத்தையே அந்தச் சொல்லில் தொடங்க மாட்டாரா என்ன? தொடங்கினால் ஒரு கடிதம் இரண்டாக வெட்டுப்படும். அதைத் தடுக்க, கடிதத்துக்குள் வரும் அப்படிப்பட்ட வரியின் முன்னால் ஓர் அம்புமுனைக் குறியைச் செருகினார்கள். படிக்கும்போது அதை எடுத்துவிடலாம் என்றால், எழுதியவரே போட்ட அம்புமுனை எது, இயந்திரம் செருகியது எது என்று தெரியாது. பல புரோகிராம்கள் எடுக்காமலே விட்டன. செருகிய பிறகு அது எழுதியவர் அனுப்பிய கடிதமே இல்லை. டிஜிட்டல் கையெழுத்துப் போட்டிருந்தால் சரிபார்ப்பில் தோற்கும்.

ஏற்கெனவே அம்புமுனையோடு இருக்கும் வரிக்கும் இன்னொன்று சேர்த்துவிட்டால், படிக்கும்போது தயங்காமல் ஒன்றைக் கழற்றலாம். ராகுல் தேசியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் எம்பாக்ஸ்-ஆர்.டி. வகை இப்படிச் செய்கிறது. யூனிக்ஸின் சிஸ்டம் ஃபைவ் வழிவந்தவர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள்: கடிதத்தின் நீளத்தைத் தலைப்பிலேயே எண்ணி எழுதிவிடுவது. எண்ணிக்கை ஒருமுறை பிசகினால் அடுத்தடுத்த கடிதங்களும் இடம் தப்பும். இத்தனை வகையும் புழங்கிய பிறகு, 2005-ல் வந்த ஆர்.எஃப்.சி. 4155 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமே எம்பாக்ஸுக்கு ஒரே அதிகாரபூர்வ வடிவம் கிடையாது என்பதை ஒப்புக்கொண்டது.

ஒட்டாமலே வைத்தால் என்ன என்று கேட்டவர்கள் கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில், ராண்ட் நிறுவனத்தில் இருந்தார்கள். ஸ்டாக்டன் கெய்ன்ஸும் நார்மன் ஷப்பைரோவும் 1970-களின் பிற்பகுதியில் ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். மின்னஞ்சலுக்கென்று எல்லாவற்றையும் விழுங்கிய ஒரு பெரிய புரோகிராம் எதற்கு? கடிதம் என்றால் ஒரு கோப்பு, கட்டு என்றால் ஒரு ஃபோல்டர் என்று வைத்துவிட்டால், தேடவும் நகலெடுக்கவும் அழிக்கவும் யூனிக்ஸில் ஏற்கெனவே கட்டளைகள் இருக்கின்றனவே! ப்ரூஸ் போர்டன் 1979-ல் அதைச் செய்துகாட்டினார். எம்.எச். என்று பெயர். கோப்புகளுக்கு 1, 2, 3 என்று எண்ணே பெயர். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். புதிதாக ஒன்றைக் கட்டாமல், கையில் இருப்பதைப் பயன்படுத்திக்கொள்ளும் துணிச்சல் அதில் இருக்கிறது.

ஆனால் வெளியிலிருந்து வரும் கடிதங்கள் அப்போதும் பழைய ஒட்டுக்கோப்பில்தான் வந்து விழுந்தன. அதனால் எம்.எச்.சில் 'இன்க்' என்று ஒரு கட்டளை. ஒட்டுக்கோப்பைத் திறந்து, எல்லைக்கோடு பார்த்து வெட்டி, ஒவ்வொன்றையும் அடுத்த எண்ணில் எழுதிவைக்கும். இன்று பழைய மின்னஞ்சல் சேமிப்பைத் தனித்தனிக் கோப்புகளாக்கக் கருவி தேடுகிறோமே, அந்த வேலை அன்று ராண்டில் காலையில் தபால் பார்ப்பதன் பெயர். திரும்பவும் ஒரே கோப்பாகக் கட்ட 'பேக்எஃப்' என்ற கட்டளையும் இருந்தது.

எம்.எச். தீர்க்காமல் விட்டதும் ஒன்று உண்டு. இரண்டு கடிதங்கள் ஒரே நேரத்தில் வந்து இரண்டுக்குமே 58 என்ற எண் வேண்டுமென்றால்? பூட்டுப் போட்டு ஒன்றைக் காக்கவைக்க வேண்டும். எம்பாக்ஸிலும் இதே பாடுதான். வட்டு இன்னொரு கணினியில் இருந்து, நெட்வொர்க் வழியாக என்.எஃப்.எஸ். முறையில் அதைப் பயன்படுத்தும்போது அந்தப் பூட்டுகளை நம்ப முடியவில்லை. கணித அறிஞர் டேனியல் பெர்ன்ஸ்டைன் பூட்டையே தூக்கிப் போட்டார். 1997-ல் 1.0 பதிப்பாக வெளிவந்த அவருடைய க்யூமெயில் சர்வரோடு பரவிய மெயில்டிர் முறையில் மூன்று ஃபோல்டர்கள்: டெம்ப், நியூ, கர். கடிதத்தை முதலில் டெம்பில் எழுதி முடித்துப் பிறகுதான் நியூவுக்கு மாற்றுவார்கள். ஆகவே படிப்பவர் கண்ணில் அரைகுறைக் கடிதம் படவே படாது. நேரம், புரோகிராமின் எண், கணினியின் பெயர் மூன்றையும் சேர்த்தே கோப்புக்குப் பெயர் என்பதால் மோதலும் இல்லை. படித்தாயிற்றா, பதில் போட்டாயிற்றா என்பதுகூடக் கோப்புப் பெயரின் வாலில் ஓர் எழுத்தாக நிற்கும்.

சர்வர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்த இந்த மாற்றம், சாதாரண மனிதரின் மேசைக்கு வந்தது தேடலால். 2005-ல் ஆப்பிள் தன் டைகர் இயங்குதளத்தில் ஸ்பாட்லைட் தேடலைக் கொண்டுவந்தது. அது கோப்பு கோப்பாகத் தேடும். நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஒரே கோப்பில் கிடந்தால் எதைக் கண்டுபிடித்தேன் என்று காட்டும்? அதனால் ஆப்பிளின் மெயில் புரோகிராம் எம்பாக்ஸைக் கைவிட்டு, கடிதத்துக்கு ஓர் இ.எம்.எல்.எக்ஸ். கோப்பு என்று மாறியது. பழைய பெட்டிகளை அதுவே பிரித்துக்கொண்டது.

தனிக்கோப்புக்கும் விலை உண்டு. 2 கிலோபைட் கடிதமானாலும் வட்டில் பெரும்பாலும் 4 கிலோபைட் இடம் பிடிக்கும். லட்சம் சின்னக் கோப்புகளை நகலெடுப்பது ஒரே பெரிய கோப்பை நகலெடுப்பதைவிட வெகு மெதுவான வேலை. அதனாலேயே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோக எம்பாக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜிமெயிலில் உங்கள் கடிதங்களை மொத்தமாகக் கேட்டாலும் கூகுள் தருவது எம்பாக்ஸ்தான். பைத்தானோடு வரும் மெயில்பாக்ஸ் நூலகத்தை வைத்துப் பத்துப் பன்னிரண்டு வரியில் அதைப் பிரித்துவிடலாம். கடிதத்தின் சப்ஜெக்ட் வரியையே கோப்புப் பெயராக வைக்க ஆசைப்படாமல் இருந்தால் நல்லது. சாய்கோடு வந்தால் பெயர் உடையும், ஒரே சப்ஜெக்டில் நாற்பது கடிதம் வந்தால் ஒன்றை ஒன்று அழிக்கும். போர்டனின் எண்களே மேல்.

ஜிமெயிலில் புதிதாக ஒரு சிக்கல். ஒரே கடிதத்துக்கு 'குடும்பம்', 'வங்கி' என்று இரண்டு லேபிள்கள் இருக்கலாம். எம்பாக்ஸில் அந்தக் கடிதம் ஒரே தடவைதான் இருக்கும், லேபிள்கள் தலைப்பு வரி ஒன்றில் வரிசையாக நிற்கும். அதை ஃபோல்டர்களாகப் பிரிக்கிறவர், கடிதத்தை இரண்டு இடத்திலும் நகலாக வைப்பதா, ஒன்றில் மட்டும் வைப்பதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கருவிகள் இதில் ஆளுக்கொரு விதமாக நடந்துகொள்கின்றன.