கைபேசியும் ஆடு வளர்க்கும் பெண்களும் (தேனி மாவட்டம்)

தேனி மாவட்டத்தில் ஆடு வளர்க்கும் பெண்கள் சிலருக்கு 2008 வாக்கில் வங்கிக் கடனோடு கைபேசியும் வந்து சேர்ந்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டமைப்பான 'விடியல்', கனடாவில் தலைமையகம் உள்ள காமன்வெல்த் கற்றல் அமைப்பின் விவசாயிகளுக்கான வாழ்நாள் கல்வித் திட்டத்தில் இதை நடத்தியது. கைபேசி கிராமத்துப் பெண்ணின் நிலையை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க, தமிழ்நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சுமார் 300 பெண்கள் சேர்ந்து கடன் திட்டத்தைத் தயாரித்தார்கள். ஒருவருக்கு ஒன்பது பெட்டை ஆடுகள், ஒரு கிடா, ஒரு கைபேசி. ஆட்டுக் கடனில் போன் எதற்கு என்று எந்த வங்கி மேலாளருக்கும் தோன்றியிருக்கும். ஆனாலும் கடன் கிடைத்தது.

இஃப்கோ கிசான் சஞ்சார் நிறுவனத்தின் வழியாக நாள்தோறும் சில குரல்செய்திகள் வந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு நிமிடம். ஆடு வாங்குவது, தீவனம், நோய், பராமரிப்பு ஆகியவையே பேச்சு. எழுத்துச் செய்தியாக இருந்திருந்தால் படிக்கத் தெரியாதவர் பேரனையோ கணவனையோ தேடிப் போயிருப்பார். குரலுக்கு அந்த இடைத்தரகு தேவையில்லை. மேய்ச்சலில் நிற்கும்போதே கேட்டுக்கொள்ளலாம். உள்ளூர்ப் பேச்சுக்கேற்பச் செய்திகளைத் தயாரிக்க உறுப்பினர்கள் சிலருக்குப் பயிற்சியும் தரப்பட்டது. இந்த அனுபவம் பற்றி க. பாலசுப்பிரமணியனும் வேறு மூவரும் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2010இல் வெளியானது.

ஆட்டுக்குத் தழை ஒடிப்பதும் கொட்டகை கூட்டுவதும் பெண் வேலை, விலை பேசுவது ஆண் வேலை என்பது பல ஊர்களில் உள்ள வழக்கம். நோயும் தீவனமும் விலையும் தெரிந்தவரிடம்தான் வீட்டில் யோசனை கேட்பார்கள். தேனியில் அந்தச் செய்தி பெண்ணின் காதுக்கு முதலில் போனது. அதற்குக் காரணம் கருவியின் நவீனம் அல்ல. கடன் அவர் பெயரில், போனும் அவருடையது, கேட்டதைப் பேசிப் பார்க்கக் குழு ஒன்றும் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு ஒரு போன் என்று கொடுத்திருந்தால் அது பெரும்பாலும் கணவனின் சட்டைப் பையில்தான் கிடந்திருக்கும்.

கால்நடையை நம்பி வாழும் வடக்குத் தான்சானியாவின் மாசாய் சமூகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. போன் யாருக்கு, யாரோடு பேசலாம் என்பதில் அங்கே ஆண்களின் கை ஓங்கியிருப்பதை அது காட்டுகிறது. சிலருக்குத் தொடர்பு பெருகியது; சிலருக்குக் கண்காணிப்பும் சந்தேகமும் பெருகின. "யாருகிட்ட இவ்வளவு நேரம் பேச்சு?" என்ற கேள்வியைக் கேட்க நம் ஊர்ப் பெண்கள் தான்சானியா வரை போக வேண்டியதில்லை. 2016இல் குஜராத்தின் மெஹ்சாணா மாவட்டத்தில் சூரஜ் கிராமம் திருமணமாகாத பெண்கள் கைபேசி வைத்திருக்கவே தடை போட்டது.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தாமே பயன்படுத்தும் கைபேசி இருப்பதாகச் சொன்ன பெண்கள் இந்தியாவில் 53.9 சதவீதம், கிராமப்புறத்தில் 46.6, தமிழ்நாட்டில் 74.6. பயன்படுத்தும் போனைத்தான் அந்தக் கேள்வி கணக்கெடுக்கிறது. அதை வாங்கியவர் யார், ரீசார்ஜுக்குக் காசு தருபவர் யார் என்பது இந்த எண்களில் தெரியாது.