ஏவுகணையும் விளையாட்டுக் கைப்பிடியும்: அசைவுணர் கருவிகளின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

நின்ரெண்டோ நிறுவனம் 2006ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட 'வீ' என்னும் விளையாட்டுச் சாதனம், கையிற் பிடித்த சிறு கருவியையே மட்டையாக வீசித் தொலைக்காட்சித் திரையில் ரெனிஸ் ஆட இடமளித்தது. பத்துக் கோடிக்கு மேல் விற்பனையான அச்சாதனத்தின் கைப்பிடியினுள்ளே ஆர்முடுகலை அளக்கும் சிலிக்கன் சில்லொன்று இருந்தது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஐபோன், தான் நிமிர்ந்திருப்பதையும் சாய்ந்திருப்பதையும் அத்தகைய சில்லொன்றினாலேயே அறிந்தது. இச்சில்லின் பூர்வீகம் யாது என்னும் வினாவுக்கு வழக்கமாக இரு விடைகள் கூறப்படுகின்றன. யுத்தமே அதன் தாய் என்பர் ஒரு சாரார். தனியார் நிறுவனங்களின் ஆக்கத்திறனே அதனைத் தந்தது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் காணத் தவறிய பிறிதொரு காரணி உண்டென்பது எமது கருத்து.

முதலில் கருவியின் தத்துவத்தை நோக்குவோம். ஓடும் பஸ் சடுதியாக நிற்கும்போது நின்று பயணஞ் செய்பவர் முன்னோக்கிச் சாய்வது சடத்துவத்தின் விளைவாகும். மெல்லிய வில்லிற் பிணைக்கப்பட்ட திணிவொன்றும் அவ்வாறே விலகும். விலகலை அளந்தால் ஆர்முடுகலை அறியலாம். சில்லினுள் இருக்கும் நுண்ணிய திணிவு சீப்பின் பற்கள் போன்ற விரல்களையுடையது. நிலையான விரல்களுக்கிடையே அவை அசையும்போது மின் கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றமே அளவீடாகின்றது. அசையாதிருக்கும் கருவியும் புவியீர்ப்பை உணர்ந்தவண்ணமே இருக்கும்; ஆகையாற்றான் எது கீழ்ப்பக்கம் எனத் தொலைபேசியால் அறிய முடிகின்றது. ஆயின் ஈர்ப்பையும் அசைவையும் வேறுபிரித்தறிய இக்கருவி தனித்து வல்லதன்று. நாற்காலியில் அமர்ந்தபடி மணிக்கட்டைச் சுண்டினாலே போதும் என்பதை 'வீ' ஆடியோர் விரைவிற் கண்டுகொண்டனர். (உண்மையாகவே கைவீசி ஆடியோரின் பிடியிலிருந்து கருவி பறந்ததும், அவ்வாண்டு டிசெம்பரிலேயே சுமார் 32 இலட்சம் கைப்பட்டிகளை மாற்றிக்கொடுக்க நிறுவனம் முன்வந்ததும் வேறு கதை.) சுழற்சியை உணரும் ஜைரொஸ்கோப் 2009இல் துணைக்கருவியாக அதனுடன் சேர்க்கப்பட்டது.

யுத்தத் தாய்மை பற்றிய வாதம் ஆதாரமற்றதன்று. ஜேர்மனியின் வி-2 ஏவுகணை உரிய வேகத்தை எய்தியதும் அதன் எஞ்சினை நிறுத்தவேண்டியிருந்தது. ஆர்முடுகலைத் தொகையிட்டு வேகத்தைக் கணிக்கும் ஜைரொஸ்கோப் கருவியொன்று இதற்கெனவே உருவாக்கப்பட்டது. வி-2ஐ உற்பத்தி செய்த டோரா முகாம் தொகுதியில் அடைக்கப்பட்டிருந்த ஏறத்தாழ 60,000 கைதிகளுள் மூன்றிலொரு பங்கினர் மாண்டனர் என்பதைக் கருவி வரலாறுகள் பெரும்பாலும் அடிக்குறிப்பிற்கூடச் சேர்ப்பதில்லை. யுத்தம் முடிந்ததும் நிபுணர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கருவியின் வழிவந்தவை அணுவாயுத ஏவுகணைகளில் இடம்பெற்றன. 1986இற் சேவைக்கு வந்த எம்எக்ஸ் ஏவுகணையின் வழிகாட்டுக் கோளம் 19,000 பாகங்களைக் கொண்டது. அதிலிருந்த ஆர்முடுகல்மானி ஒவ்வொன்றும் 3 இலட்சம் டொலர் பெறுமதியானது. துல்லியம் என்பது தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சிப்போக்கன்று, குறிப்பிட்ட நிறுவனங்கள் வேண்டிப் பெற்ற சமூக விளைபொருள் என டொனால்ட் மக்கென்ஸி 1990இல் வெளியிட்ட தமது நூலில் நிறுவியுள்ளார். இம்முடிவு எமக்கும் உடன்பாடானதே. எனினும் 3 இலட்சம் டொலர்க் கருவியிலிருந்து விளையாட்டுப் பொருளுக்கு நேர்வழி கிடையாது.

அவ்வழி வேறு திசையிலிருந்து வந்தது. 1979இல் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தின் றொய்லன்சும் ஏஞ்சலும், இலத்திரனியற் சில்லுகளைப் போன்றே தொகுதி தொகுதியாகச் செய்யத்தக்க 0.02 கிராம் நிறையுள்ள சிலிக்கன் ஆர்முடுகல்மானியை விவரித்தனர். அவர்கள் முன்னிறுத்திய தேவை மருத்துவ ஆய்வு. ஆயினும் பல இலட்சக்கணக்கில் அதனை வாங்குவோர் தேவைப்பட்டனர். அவர்களை உருவாக்கியது சந்தையன்று, சட்டமே. மோட்டார் நிறுவனங்கள் பாதுகாப்பைப் புறக்கணிக்கின்றன என்னும் குற்றச்சாட்டு, றல்வ் நேடரின் 1965ஆம் ஆண்டு நூலுக்குப் பின் அமெரிக்காவில் பொதுமக்கள் இயக்கமாக வலுப்பெற்றது. காற்றுப்பை போன்ற தன்னியக்கப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கும் விதியை றேகன் நிர்வாகம் 1981இல் நீக்கியது. அந்நீக்கம் தகுந்த நியாயமற்றதென 1983இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. (வழக்குத் தொடுத்தது இழப்பீட்டுச் செலவைக் குறைக்க விரும்பிய காப்புறுதி நிறுவனமொன்று என்பதையும் மறைத்தலாகாது.) 1991இல் காங்கிரஸ் இயற்றிய சட்டம், 1998 மாதிரியாண்டு முதற் பயணிகள் கார்கள் யாவற்றிலும் முன்னிரு ஆசனங்களுக்கும் காற்றுப்பையைக் கட்டாயமாக்கியது.

அதுவரை மோதலை உணர்ந்தது, குழாயினுள் காந்தத்தாற் பிடித்துவைக்கப்பட்ட உலோகக் குண்டு. அதனிடத்தைப் பிடிக்க அனலொக் டிவைசஸ் நிறுவனம் 1990களின் முற்பகுதியில் சிலிக்கன் சில்லொன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மோதல் நிகழ்ந்ததா இல்லையா எனச் சொல்ல ஏவுகணையின் துல்லியம் வேண்டியதில்லை. மலிவும் நம்பகத்தன்மையுமே வேண்டியிருந்தன. துல்லியத்தைக் கைவிட முடிந்தமையே இங்கு திருப்புமுனை எனலாம். 'வீ' கைப்பிடியிலிருந்த சில்லும் அதே நிறுவனத்தின் தயாரிப்பே. நிறுவனப் பொறியியலாளரின் திறனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அத்திறனுக்குக் களம் அமைத்தது எது என்பதே எமது வினா.

ஜைரொஸ்கோப்பின் கதையும் இதனையொத்தது. 1852இற் பூக்கோ அக்கருவிக்குப் பெயரிட்டபோது அது சுழலும் சில்லுருளை. 2010இல் ஐபோன் 4இல் இடம்பெற்றதோ சுழலாது அதிரும் சிலிக்கன். அதன் தத்துவம், அவரே அதற்கு முந்திய ஆண்டிற் பாரிஸில் தொங்கவிட்ட ஊசலுக்கே நெருங்கியது.

தொலைபேசிகளுக்கெனக் கோடிக்கணக்கில் உற்பத்தியாகியமையால் மேலும் மலிந்த இவ்விரு சில்லுகளும், நான்கு விசிறிகளையுடைய சிறு ஆளில்லா வானூர்திகளை நிலைதளம்பாது பறக்கச் செய்தன. திருமணப் படப்பிடிப்புக்கும் வயற் கண்காணிப்புக்கும் பயன்பட்டுவந்த அவ்வூர்திகள், 2022 பெப்ரவரியிலிருந்து உக்ரேன் யுத்தத்தில் இரு தரப்பாலும் வெடிகுண்டு சுமந்து பறக்கவிடப்பட்டுள்ளன.