செடியை ஏமாற்றிய சக்கரம்

ஊருக்குப் போய்ட்டு நாலு நாள் கழிச்சு வந்து பார்த்தா, பால்கனியில் இருந்த தக்காளித் தொட்டி காத்துல சாய்ஞ்சு கிடக்குது. செடி மட்டும் தேமேன்னு கிடக்கல. தண்டு வளைஞ்சு, நுனி நேரா மேலே பார்த்து நிக்குது. வெளிச்சத்தைத் தேடியிருக்கும்னுதான் நானும் நினைச்சேன். ஆனா இருட்டு அறையில் படுக்கப்போட்டாலும் செடி இதையேதான் செய்யும். கண்ணும் இல்லை, காதும் இல்லை. மேல் எது கீழ் எதுன்னு எப்படித் தெரியுது?

பொட்டி தட்டுறவனுக்கு இந்த ஆராய்ச்சி எதுக்குன்னு கேக்காதீங்க. தோண்டினா இருநூறு வருஷக் கதை வந்துச்சு.

1806. இங்கிலாந்தில் தாமஸ் ஆண்ட்ரூ நைட் என்பவர் தன் தோட்டத்து ஓடையில் ஒரு சின்ன நீர்ச்சக்கரம் வெச்சார். அதன் விளிம்பில் பீன்ஸ் விதைகளைக் கட்டி, நிமிஷத்துக்கு 150 சுற்று வேகத்தில் சுத்த விட்டார். முளைச்ச வேரெல்லாம் வெளிப்பக்கம், தண்டெல்லாம் சக்கரத்தின் மையம் நோக்கி! ராட்டினத்தில் நம்மை வெளியே தள்ளுதே, அந்த விசையைத்தான் விதை 'கீழ்'னு எடுத்துக்கிச்சு. ஆக, செடி பூமியைத் தேடலை, விசையைத் தேடுது.

அடுத்து ஜெர்மனியின் வூர்ஸ்புர்க். 1870களில் யூலியஸ் சாக்ஸ் சக்கரத்தை நிதானமாச் சுத்த விட்டார். வேகம் கம்மின்னா வெளியே தள்ளும் விசையும் சொற்பம்தான். ஆனா 'கீழ்' என்கிற திசை மாறிக்கிட்டே இருக்கும். செடி ஒரு பக்கம் வளையலாம்னு முடிவெடுக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் மேலே போயிடும். இதுதான் கிளினோஸ்டாட். பூமியை விட்டு நகராமலே எடையின்மையை நடிச்சுக் காட்டும் கருவி.

அந்த ஆய்வகத்துக்கு 1878-ல் ஒரு இளைஞர் வேலை கத்துக்க வந்தார். பேர் பிரான்சிஸ் டார்வின். ஆமா, அந்த டார்வினோட மகனேதான். ரெண்டு வருஷம் கழிச்சு அப்பாவும் மகனும் சேர்ந்து, செடிகளின் அசைவு பற்றி ஒரு புத்தகம் போட்டாங்க. வேரின் நுனியை வெட்டிட்டா வேருக்குத் திசை மறந்துடுது, உணர்வது நுனிதான் என்றார்கள். சாக்ஸுக்குச் செம கோபம். வீட்டுத் தோட்டத்து ஆளுங்க அரைகுறையாச் செஞ்ச சோதனைங்கிற மாதிரி ஒதுக்கித் தள்ளிட்டார். பாவம் பிரான்சிஸ்! ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் வாத்தியார்.

ஜெயிச்சது அப்பாதான். 1900-ல் ஹாபர்லாண்ட், நெமெக் என்ற இருவர் தனித்தனியா ஒரே விஷயத்தைச் சொன்னாங்க. வேர்நுனி மூடியின் செல்களுக்குள் மாவுச்சத்து மணிகள் இருக்கு. கனமானவை, அதனால செல்லின் அடியில் போய் உக்காந்துக்கும். வேரைச் சாய்ச்சா சில நிமிஷத்தில் உருண்டு புதுத் தரைக்குப் போயிடும். செல்லுக்கு அதுதான் தூக்குக்குண்டு. அப்புறம் ஆக்ஸின் என்ற ஹார்மோன் கீழ்ப்பக்கம் கூடி, அந்தப் பக்கத்து வளர்ச்சி குறைஞ்சு, வேர் கீழே வளையும். கிளினோஸ்டாட்டில் அந்த மணிகளால எங்கேயும் நிலையா உக்கார முடியாது.

சரி, இந்த நடிப்பு எந்த அளவுக்கு நிஜம்? விண்வெளிக்குப் போனாத்தானே தெரியும். 1967-ல் அமெரிக்காவின் பயோசாட்டிலைட்-2-ல் கோதுமை நாற்று போச்சு. கிளினோஸ்டாட்டில் வளர்ந்த நாற்று மாதிரியே இருந்துச்சு. ஆஹா, கருவி பாஸ்!

அங்கேதான் ட்விஸ்ட். வளரும் தண்டின் நுனி மெல்ல வட்டமடிக்கும். அது செடியின் பிறவிக் குணம் என்பது டார்வின் கட்சி. ஈர்ப்பு இருந்தாத்தான் இந்த ஆட்டம் என்பது எதிர்க்கட்சி. கிளினோஸ்டாட்டில் சுத்தவிட்ட சூரியகாந்தி நாற்றுகளில் ஆட்டம் ரொம்பச் சுருங்கிப்போச்சு. எதிர்க்கட்சிக்குச் சாதகம். ஆனா 1983-ல் ஸ்பேஸ்லேப்-1-ல் ஆலன் பிரவுன் அனுப்பிய சூரியகாந்திகள் எடையே இல்லாத இடத்தில் ஜோரா வட்டமடிச்சுது. செத்து நூறு வருஷம் கழிச்சு டார்வின் இன்னொரு தடவை ஜெயிச்சார் :-)

இந்த இடத்தில் எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. ஒரு தடவை எல்லாச் சோதனையும் பச்சை விளக்கு காட்டின புரோகிராம், வாடிக்கையாளர் கையில் போன அன்னிக்கே படுத்துடுச்சு. எழுதினது அடியேன்தான். சோதனைக்கூடம் பொய் சொல்லலை. நான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லுச்சு. கிளினோஸ்டாட்டும் அப்படித்தான். அது 'கீழ்' எந்தப் பக்கம்னு மறைக்கும். எடையை எடுக்காது. சுத்தும் செடியின் இலையும் தண்டும் கனத்துக்கிட்டேதான் இருக்கு.

அதுக்காகத் தூக்கிப் போடவும் முடியாது. 2003 அக்டோபரில் விண்வெளி நிலையத்தில் அராபிடாப்சிஸ் என்ற கடுகு இனச் சின்னச் செடியை முளைக்க வெச்சாங்க. வேர்நுனி செல்கள் வேகமாப் பிரியுது, ஆனா அதுக்கு ஈடா வளரலைன்னு தெரிஞ்சுது. கண்டபடி திசை மாத்திச் சுத்தும் புதுக் கருவிகளிலும் அதே போக்குதான் தெரிஞ்சுது. பொதுவா ஒண்ணுக்கொண்ணு கைகோத்து நடக்கும் ரெண்டு வேலை அங்கே பிரிஞ்சுடுது. நாளைக்குச் செவ்வாயில் யாராவது விவசாயம் பண்ணணும்னா இது சின்ன விஷயமில்லை.

2024 டிசம்பரில் இஸ்ரோ அனுப்பிய காராமணி விதைகள் நாலே நாளில் விண்ணில் முளைச்ச செய்தி படிச்சிருப்பீங்க. நைட்டின் ஓடையிலிருந்து அங்கே வர 218 வருஷம் ஆச்சு.

தொட்டியை நிமிர்த்தி வெச்சுட்டேன். இப்போ தண்டு கோணலா நிக்குது. பரவாயில்லை, ரெண்டு நாள்ல அதுவே சரி பண்ணிக்கும். அதுக்குத் தெரியும்.